மின்சைக்கிளா, மிதிசைக்கிளா?

எந்தச் சாதனத்தையும் வாங்குவதற்கு முன்பு, அது செய்ய வேண்டிய வேலை இன்னதென்று நிர்ணயித்துக்கொள்வதே விஞ்ஞான முறையாகும். சைக்கிள் விஷயத்தில் இம்முறை பெரும்பாலும் கைக்கொள்ளப்படுவதில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து மலைச்சரிவுகளில் 1970-களில் உருப்பெற்ற மலைச் சைக்கிள், அகன்ற டயர்களும் பல கியர்களும் உடையதாய், இன்று நம் நாட்டுச் சிற்றூர்களிலும் காணப்படுகிறது. இப்பொழுது அதனுடன் மின்சார மோட்டாரும் பாட்டரியும் சேர்ந்துள்ளன. கோலார் தங்க வயலில் பணிபுரியும் ஆசிரியரும் கள ஊழியரும் இவ்விரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது? "புதியது, ஆகையால் மேலானது" என்பதும் விடையாகாது; "மோட்டார் வைத்தது சோம்பேறிகளுக்கு" என்பதும் விடையாகாது.

தங்க வயலுக்கு இத்தகைய வினா புதியதன்று. ஒரு காலத்தில் இங்குள்ள சுரங்க இயந்திரங்கள் நீராவியை நம்பியிருந்தன. விறகுக்கும் நிலக்கரிக்கும் பெருஞ்செலவாயிற்று. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் உருவான திட்டத்தின்படி, காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம், 1902-ஆம் ஆண்டில் சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பிகளின் வழியே இங்கு வந்து சேர்ந்தது. நீராவியை விலக்கி மின்சாரத்தை ஏற்றுக்கொண்டது புதுமையின் மீதுள்ள மோகத்தால் அன்று. செலவையும் பயனையும் ஒப்பிட்டுப் பார்த்ததனாலேயே ஆகும். அதே தங்க வயல் மற்றொரு பாடத்தையும் நமக்குக் கற்பித்துள்ளது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரிறைக்கும் பம்புகள் நின்றன. 3,000 மீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை தோண்டிய பாதைகளில் தண்ணீர் நிறைந்தது. எந்த இயந்திரமும் அதைப் பேணுவதற்கு வசதி உள்ளவரையில்தான் பயன் தரும் என்பது இதனால் விளங்கும்.

இனிக் கணக்குக்கு வருவோம். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீப், மாரிக்குப்பம் ஆகிய பகுதிகள் ஏற்ற இறக்கமுள்ள மேட்டு நிலத்தில் அமைந்தவை. இங்கு நெடுமலை ஏற்றங்கள் இல்லை. குறுகிய மேடுகளே அதிகம். சவாரி செய்பவரும் சாதாரண மலைச் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ எடை எனக் கொள்வோம். 20 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரும் மேட்டில், ஒருவர் 100 வாட் அளவு உழைத்தால் மணிக்குச் சுமார் 6½ கிலோமீட்டர் வேகத்தில் ஏறலாம். மின்சைக்கிள் ஏறக்குறைய 10 கிலோ அதிக எடையுள்ளது. ஆயினும் மோட்டார் 150 வாட் உதவி செய்யுமானால், அதே உழைப்பில் வேகம் சுமார் 14 கிலோமீட்டராகிறது. பாட்டரி தீர்ந்துவிட்டாலோ, சாதாரணச் சைக்கிளைவிடவும் குறைந்து, 6 கிலோமீட்டர் அளவில் நிற்கும். மேட்டில் மோட்டாரின் உதவி பெரிது. அது இல்லாதபோது அதன் சுமையும் மெய்யானதே.

செலவைப் பற்றிப் பலர் தவறாக எண்ணுகின்றனர். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி கொண்ட பாட்டரியில் அடங்கும் மின்சாரம் 360 வாட்-மணி. அதாவது அரை யூனிட்டுக்கும் குறைவு. இதைக் கொண்டு, மிதித்தலும் சேருமானால், 30 முதல் 40 கிலோமீட்டர் வரை செல்லலாம். மின்கட்டணம் ஒரு பொருட்டல்ல. உண்மையான செலவு பாட்டரியின் தேய்மானமே. சில நூறு முறை முழுமையாக மின்னேற்றிய பின் அதன் கொள்ளளவு குறையத் தொடங்குகிறது. வெயிலில் நிறுத்தி வைப்பது இத்தேய்வை விரைவுபடுத்தும். சாதாரணச் சைக்கிளின் செயினையும் பிரேக்கையும் தெருமுனைக் கடைக்காரர் சரிசெய்துவிடுவார். மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் அவரால் பெரும்பாலும் இயலாது. ஆகையால் விலையைக் கேட்பதற்கு முன், மாற்றுப் பாட்டரியின் விலையையும், பழுதுபார்க்கும் இடத்தின் தொலைவையும் கேட்டறிதல் அவசியம். கடன் வாங்கி மின்சைக்கிள் வாங்குபவர், கடன் தீருமுன்னரே புதுப் பாட்டரிக்கும் பணம் தேட நேருமானால், அது சௌகரியமாகாது, பாரமேயாகும்.

சட்டத்தையும் கருத வேண்டும். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் 25 கிலோமீட்டரை எட்டும்போது மோட்டார் தானே நின்றுவிடுவதாகவும் அமைந்த மிதி-உதவி வண்டியை மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. இவ்வரம்பைக் கடந்த வண்டிக்குப் பதிவும் உரிமமும் தேவைப்படும். கடைக்காரர் "அதிக வேகம்" என்று புகழ்வது வாங்குபவருக்கு இடர் விளைவிக்கலாம்.

எனவே என் அபிப்பிராயம் இதுவே. நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேற்படாமல் செல்லும் உடல்நலமுள்ள ஆசிரியருக்குச் சாதாரணச் சைக்கிளே போதுமானது. விலை குறைவு, ஆயுள் நீளம், உடற்பயிற்சியும் கிட்டும். மருந்துப் பெட்டியோ அளவைக் கருவியோ சுமந்து, கிராமம் கிராமமாக இருபது முப்பது கிலோமீட்டர் சுற்றும் கள ஊழியருக்கு மின்சைக்கிள் ஆடம்பரமன்று. மேடு ஏறிக் களைத்தவர் கடைசி வீட்டைப் பாராமலே திரும்பிவிடக்கூடும். அக்கடைசி வீடே அவரை எதிர்நோக்கியிருப்பது. அத்தகையோருக்கு வண்டியைத் தனித்தனியே வாங்கச் சொல்வதைவிட, அலுவலகத்துக்கு ஒன்றிரண்டு எனப் பொதுவில் வைத்துப் பராமரிப்பதே முறை.

மற்றொரு கூட்டத்தாரையும் மறத்தலாகாது. பாறைத்தூளைப் பல ஆண்டுகள் சுவாசித்துச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயுற்ற முன்னாள் சுரங்கத் தொழிலாளர் இங்கு உள்ளனர். அவர்களுள் சைக்கிள் ஓட்ட மருத்துவர் அனுமதிப்பவர்களுக்கு மோட்டாரின் உதவி கடைத்தெருவையும் மருத்துவமனையையும் எட்டச் செய்யும். "சோம்பேறிகளின் வண்டி" என்று பேசுவோர் இவர்களை எண்ணிப் பார்க்கட்டும்.

அகன்ற டயர் இருக்கிறதென்று இளைஞர்கள் சயனைடு மேடுகளில் ஏறிச் சவாரி செய்வது மட்டும் எவ்வண்டியிலும் கூடாது. தங்கம் பிரித்தபின் குவித்த நுண்தூள் அது. சக்கரம் கிளப்பும் தூசி சுவாசத்துக்குக் கேடு. மழையால் அரிக்கப்பட்ட சரிவுகள் இடிந்து விழும் தன்மையுடையன. ஆசிரியர்கள் இதை மாணவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

முடிவாக, பள்ளிகளுக்கு ஒரு யோசனை. கொத்தர்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் மட்டத்தைக் கொண்டு, பள்ளிக்கு வரும் வழியிலுள்ள மேடுகளின் சரிவை மாணவர்களே அளக்கட்டும். தூரத்தையும் ஏற்றத்தையும் ஒரு தாளில் வரையட்டும். வேலை, ஆற்றல், திறன் ஆகிய பாடங்கள் அவர்களுக்கு அனுபவத்தால் தெளிவாகும். அவ்வூரில் எந்தச் சைக்கிள் வாங்குவது என்பதற்கும் விளம்பரத்தைவிட அத்தாளே நம்பத்தக்க சான்றாக விளங்கும்.