2 முறை சாம்பியன்... 2024-25ல் 11-வது இடம்! சென்னையின் எப்.சி.யால் நொந்துபோன தாம்பரம் ரசிகர்கள்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் கால்பந்து பைத்தியங்களுக்குப் பஞ்சமில்லை. மேட்ச் நாளில் வேலையை முடித்த கையோடு மின்சார ரெயிலைப் பிடித்து, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, நேரு ஸ்டேடியத்துக்கு நடையைக் கட்டுவார்கள். 7.30 மணி ஆட்டம் முடிய 9.30 ஆகிவிடும். மறுபடி ரெயில். வீட்டுக்குப் போனால் சோறு ஆறிக் கிடக்கும். இவ்வளவு பாடுபட்டுப் போய் தோல்வியைப் பார்த்துவிட்டு வந்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

2025 ஐ.பி.எல்.லில் சி.எஸ்.கே. கடைசி இடம் பிடித்தபோது ஊரே புலம்பியது. ஆனால் அதே ஆண்டு முடிந்த ஐ.எஸ்.எல். சீசனில், 13 அணிகளில் சென்னையின் எப்.சி. 11-வது இடத்துக்கு விழுந்தது. டீக்கடையில் அதைப்பற்றி ஒரு பேச்சு உண்டா? கால்பந்து ரசிகன் தனியாகத்தான் புலம்ப வேண்டியிருக்கிறது.

வெள்ளத்தில் வந்த கோப்பை

இந்தப் பாசம் சும்மா வந்ததல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கிக் கிடந்தது. சென்னையில் நடக்கவேண்டிய அரைஇறுதி ஆட்டம் புனேவுக்குப் போய்விட்டது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். டிசம்பர் 20-ந்தேதி கோவாவில் இறுதிப்போட்டி. 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என முன்னிலை. முடிந்தது கதை என்று நினைத்த நேரத்தில், கடைசி நிமிடங்களில் 2 கோல். 3-2 என கோப்பை சென்னைக்கு! வெற்றி கோல் அடித்தவர் மென்டோசா. நொந்துகிடந்த ஊருக்கு அது பெரிய ஆறுதல்.

2018 மார்ச் 17-ந்தேதி பெங்களூருவை அவர்கள் மண்ணிலேயே 3-2 என வீழ்த்தி 2-வது கோப்பை. ஆனால் அடுத்த சீசனிலேயே 18 ஆட்டத்தில் வெறும் 9 புள்ளி. கடைசி இடம்!

போனவர்கள் ஜெயித்தார்கள்

கோளாறு எங்கே? கிடைத்ததைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

2019 டிசம்பரில் பயிற்சியாளராக வந்த ஓவன் கோயல், துவண்டு கிடந்த அணியை இறுதிப்போட்டி வரை இழுத்துவந்தார். வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டார். சீசன் முடிந்ததும் ரெண்டு பேருமே ஜாம்ஷெட்பூர் போய்விட்டார்கள். 2021-22ல் அந்த அணி லீக் ஷீல்டை வென்றது. அதற்கும் கோயல்தான் பயிற்சியாளர்.

இங்கே? லாஸ்லோ, பாண்டோவிச், பிரடாரிச் என வருஷத்துக்கு ஒரு பயிற்சியாளர். 3 சீசனும் 8-வது இடம்! கேப்டன் அனிருத் தாபா 2023-ல் மோகன் பகானுக்குப் போனார். அந்த அணி அடுத்தடுத்து 2 ஷீல்டை அள்ளியது. கோயல் திரும்பி வந்த முதல் சீசனில் 6-வது இடம். அடுத்ததில் 11. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பித்தால் அணி எப்படி உருப்படும்?

நம்ம ஊர் பையன் நந்தகுமார் சேகர், 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் மோகன் பகானுக்கு எதிராக வெற்றி கோல் அடித்தார். கொல்கத்தா கொண்டாடியது. சென்னை ரசிகன் டி.வி.யில் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

பயம் இல்லை

இங்கிலாந்தில் கடைசி இடங்களில் வந்தால் கீழ் லீக்குக்கு இறக்கிவிடுவார்கள். 2018-19ல் கடைசி வந்த சென்னைக்கு அந்தத் தண்டனை இல்லை. அடுத்த வருஷமும் அதே லீக்கில் ஆடியது. தோற்றால் அணிக்கு நஷ்டம் இல்லை, ரசிகனுக்கு மட்டும்தான் நஷ்டம்.

அதற்கும் மேலே ஒரு இடி. போட்டி நடத்தும் ஒப்பந்தச் சிக்கலால் 2025-ல் ஐ.எஸ்.எல். குறித்த காலத்தில் தொடங்கவே இல்லை. ஆகஸ்டில் கிளப்பின் வேலைகளே நிறுத்திவைக்கப்பட்டன. திட்டுவதற்குக்கூட அணி இருக்குமா என்ற கவலை வந்துவிட்டது.

ரசிகன் வருஷா வருஷம் கோப்பை கேட்கவில்லை. ஒரு பயிற்சியாளருக்கு 3 வருஷம் கொடுங்கள். நன்றாக ஆடுபவனை வெளியே விடாதீர்கள். நம்ம ஊர் பசங்களை இறக்குங்கள். அப்புறம் தோற்றால்கூட தாம்பரம் ரெயிலில் ஏறி மறுபடி வருவான். இப்படியே போனால் காலி நாற்காலிகள்தான் மிஞ்சும்.