ஊரைக் கேட்டீர்களா, குரூப்பைக் கேட்டீர்களா?



"ஆய்வு முடிவு" என்று இரண்டு நாளாக ஒரு படம் எல்லாக் குரூப்பிலும் சுற்றுகிறது. நமதூர் உயர்தர மாணவிகளில் பெரும்பாலானோர் போனுக்கு அடிமையாகி மனநிலை பாதிக்கப்பட்டிருக்கிறார்களாம். அதை வைத்து, மாலை டியூஷனுக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பக்கூடாது என்று தீர்மானம் எடுக்கச் சொல்லி பள்ளி நிர்வாகத்துக்குக் கடிதமும் போயிருக்கிறது. (போனுக்கும் டியூஷனுக்கும் என்ன சம்பந்தம் என்பதைப் பிறகு பேசுவோம்.) நான் படிப்பிக்கும் பிள்ளைகள் இவர்கள். சும்மா இருக்க முடியவில்லை.

யாரிடம் கேட்டார்கள்? வாட்ஸ்அப்பில் ஒரு கூகுள் போம். நான் இருக்கும் மூன்று குரூப்புக்கும் வந்தது. மூன்றிலும் வாப்பாமார்தான். கடலுக்குப் போனவர் நிரப்பவில்லை. உம்மா சவூதியில் இருக்க, உம்மம்மாவிடம் வளரும் பிள்ளையின் வீட்டுக்கு அது போகவேயில்லை. மாணவிகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த விஷயத்தில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருப்பவர்தான் மெனக்கெட்டு நிரப்புவார், மற்றவர் தள்ளிவிட்டுப் போவார். கேள்வியைப் பாருங்கள்: "போன் நமது பெண் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பதை ஏற்கிறீர்களா?" இது கேள்வியா, கையெழுத்து வேட்டையா?

"நிறையப் பேர் நிரப்பினார்களே" என்கிறார்கள். 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. 20 இலட்சத்துக்கும் அதிகமானோர் பதில் போட்டார்கள். லாண்டன்தான் ஜனாதிபதி என்றது சஞ்சிகை. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். பெயர்களை எடுத்தது பெரும்பாலும் டெலிபோன் புத்தகத்திலும் கார்ப் பதிவிலும். அந்தக் கஷ்ட காலத்தில் இவை யார் வீட்டில் இருந்தன? அனுப்பியதில் கால்வாசிப் பேர்தான் பதில் போட்டார்கள் என்பது இன்னொரு ஓட்டை. ஜோர்ஜ் கெலப் மிகச் சிறிய மாதிரியை வைத்து ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார். நோன்புக் கஞ்சிக்கு உப்புப் பார்க்க ஒரு அகப்பை போதும், கிடாரத்தை நன்றாகக் கலக்கியிருந்தால்.

ஹதீஸ் என்றால் ராவி யார், நம்பகமானவரா என்று துருவுகிறோம். கூகுள் போமுக்கு மட்டும் அந்தக் கேள்வி கிடையாதா?

உண்மையில் அக்கறை இருந்தால் பாடசாலை இடாப்பில் உயர்தர மாணவிகள் எல்லோர் பெயரும் இருக்கிறது. சீட்டுக் குலுக்கி எடுங்கள். இடைவிலகிய பிள்ளைகளையும் தேடிச் சேருங்கள். உளவளத்துணை படித்த ஒரு பெண் ஆசிரியை, பெயர் எழுதாமல், பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் கேட்கட்டும். முடிவு எனக்குப் பிடிக்காததாக வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

அதுவரை, போம் தயாரித்த சகோதரர்கள் கொமெண்டில் மூன்று எண்ணை மட்டும் போடுங்கள். எத்தனை பேருக்குப் போனது? எத்தனை பேர் நிரப்பினார்கள்? அதில் மாணவிகள் எத்தனை?