தோலிலும் ஒளி உண்டு

சைதாப்பேட்டைச் சந்தையில் நாள்தோறும் குவியும் ஆரஞ்சுத் தோலையும் கோஸ் இலையையும் ஊரார் குப்பை என்பர். வேதியியல் மாணவனாகிய நான் அதைக் கார்பன் என்பேன்.

2004-ஆம் ஆண்டு தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் கார்பன் நுண்குழாய்களைத் தூய்மை செய்துகொண்டிருந்தவர்கள், ஒளிரும் நுண்துகள்களைத் தற்செயலாகக் கண்டனர். பத்து நானோமீட்டருக்கும் சிறிய இவையே கார்பன் புள்ளிகள். 2012-இல் இந்திய ஆய்வாளர்கள் ஆரஞ்சுச் சாற்றை மூடிய கலத்தில் சூடாக்கி இவற்றை உண்டாக்கிக் காட்டினர். 2023-இல் நோபல் பரிசால் புகழ்பெற்ற குவாண்டம் புள்ளிகளில் பல, காட்மியம் என்னும் நச்சு உலோகம் கொண்டவை. சாற்றில் பிறந்த புள்ளிக்கு அந்தப் பழி இல்லை.

இப்புள்ளிகள் தனியே உலர்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டி ஒளி மங்கிவிடும். பாலிவினைல் ஆல்கஹால் கரைசலில் கலந்து தட்டில் ஊற்றி உலர்த்தினாலோ, பாலிமர் அவற்றை விலக்கி நிறுத்தும். கிடைக்கும் மெல்லிய ஏடு புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். (நம் ரூபாய் நோட்டின் எண்கள் அவ்விளக்கில் ஒளிர்வதை வங்கியில் கண்டிருப்பீர்கள்.) நைட்ரஜன் சேர்மங்களைச் சேர்த்தும் துகளின் மேற்பரப்பை மாற்றியும் பச்சை, மஞ்சள் எனப் பெறலாம். சிவப்புக்குத்தான் திண்டாட வேண்டும்.

இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். வாழைத்தோலுக்கு ஒரு கட்டுரை, எலுமிச்சைக்கு ஒரு கட்டுரை என்று உலகெங்கும் எழுதித் தள்ளுகிறார்கள். தை மாதத்துத் தோலும் ஆடி மாதத்துத் தோலும் ஒன்றா? ஒரே ஒளியைத் தருமா? சிட்ரிக் அமிலத்தையும் அமைன்களையும் சூடாக்கும்போது ஒளிரும் சிறு மூலக்கூறுகளும் உண்டாகின்றன. டயாலிசிஸ் முறையில் அவற்றை நீக்காமல், ஒளிர்வது புள்ளிதான் என்று எப்படிச் சாதிப்பது? போதாக்குறைக்கு, 'இயற்கைப் பொருள்' என்ற விளம்பரம் வேறு! புள்ளி தோலில் பிறந்தாலும் அதைத் தாங்கும் பாலிமர் பெரும்பாலும் பெட்ரோலியத்தில் பிறந்தது. அடையாற்றில் மிதக்கும் பிளாஸ்டிக்குக்கு நிறமும் ஊட்டிவிட்டால் போதுமா?

பெருங்கருவிகள் இல்லாத அரசுக் கல்லூரிக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். நமக்கென்றே விடப்பட்ட வேலை இது. ஒரே சந்தை, ஒரே பழத்தின் தோல், ஒரே வெப்பம். மாதம் ஒருமுறை, ஓராண்டு முழுதும் செய்து, குயினைன் சல்பேட்டோடு ஒப்பிட்டு ஒளியை அளந்து எழுதுவோம். ஒளி அளப்பதற்கு மட்டும் கிண்டிப் பக்கம் ஏதேனும் ஓர் ஆய்வகத்தின் தயவை நாட வேண்டியிருக்கும். தோலுக்குக் காசில்லை. டெஃப்ளான் உட்கலம் கொண்ட எஃகுக் கலம் ஒன்றை மட்டும் நம் வேதியியல் மன்றம் வாங்கித் தருமா?