பாட்டோடு பெயரும் போகட்டும்

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் பிள்ளைகள் மேடையேறினால் சினிமாப் பாட்டுப் பாடுவார்கள். இல்லையென்றால் பாட்டு டீச்சர் சொல்லிக் கொடுத்த கீர்த்தனை. இரண்டிலும் தவறில்லை. ஆனால் இதே பிள்ளைகள் சனிக்கிழமை சாயங்காலம் கிடார், கீபோர்டு, கஹோன் என்கிற மரப்பெட்டி சகிதம் யாராவது ஒரு நண்பன் வீட்டில் கூடுகிறார்களே, அங்கே தாங்களே எழுதி மெட்டுப் போட்ட பாட்டுகளைப் பாடுகிறார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதற்கு 'ஜாமிங்' என்று பெயர். பெரியவர்கள் மிரள வேண்டாம். இது கச்சேரியும் அல்ல, ஒத்திகையும் அல்ல. ஒருவர் தொடங்க, மற்றவர்கள் கையில் இருப்பதை வைத்துக்கொண்டு சேர்ந்து கொள்வார்கள். நம் மும்பை லோக்கல் ரயிலில் காலை வேளையில் நடக்கும் பஜனையைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. அங்கேயும் அழைப்பிதழ் கிடையாது. ஜால்ரா தட்டத் தெரிந்தால் போதும்.

பஜனையில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டுதான் வரும். இங்கே ஒரு பிள்ளை தன் சொந்தப் பாட்டை, சென்ற வாரம்தான் அறிமுகமான நாலு பேர் முன்னால் எடுத்து வைக்கிறது. பெற்றோருக்கு வயிற்றில் புளி கரைக்கும் இடம் இதுதான். "புதுசா பழகினவங்க கிட்ட உன் பாட்டைப் பாடிக் காட்டாதே. அப்படியே சுட்டுடுவாங்க" என்று எச்சரிக்கிற அப்பாக்களை எனக்குத் தெரியும்.

அப்படி ஒரு அப்பா எங்கள் பக்கத்துக் கட்டிடத்திலேயே இருக்கிறார். அவருடைய மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஊரில் தனியாக இருக்கும் பாட்டி ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவதைப் பற்றித் தமிழில் ஒரு பாட்டு எழுதினாள். எழுதியது தேவநாகரி எழுத்தில். தமிழ் எழுத்து அவளுக்கு வராது. மராத்தி, வங்காளி, மணிப்பூரிப் பிள்ளைகள் கூடிய ஒரு ஜாமிங்கில் அதைப் பாடினாள். மூன்று மாதம் கழித்துக் கல்லூரி விழாவில், அன்றைக்கு அங்கே இருந்த ஒரு பையன் அதே மெட்டில் இந்தி வார்த்தைகளைப் போட்டுப் பாடினான். 'சொந்தப் படைப்பு' என்ற அறிவிப்பு வேறு. பெண் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். அப்பா கிடாரைத் தூக்கிப் பரணில் போட்டார். அன்றிலிருந்து அந்தக் கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று உத்தரவு.

பையன் செய்தது தப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் தண்டனை யாருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவனைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "ஜாம்ல வந்ததுதானே, எல்லாருக்கும் பொதுன்னு நெனச்சேன்" என்றானாம். இதை வெறும் சால்ஜாப்பு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அந்த அறையில் 'இது என் பாட்டு' என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதல் முறை பாடும்போதே ஒருவன் ஒரு திருப்பத்தைச் சேர்த்தான், இன்னொருத்தி இரண்டாம் குரல் சேர்த்தாள். எது யாருடையது என்று அன்று ராத்திரியே மங்கிவிட்டது.

நம் முன்னோர் இந்தச் சிக்கலைத் தெரிந்தே வைத்திருந்தார்கள். ஞானசம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரையும் ஊரையும் வைத்தே முடிப்பார். தியாகராஜர் கீர்த்தனையில் அவர் பெயர், தீட்சிதருக்கு 'குருகுஹ', பாபநாசம் சிவனுக்கு 'ராமதாசன்'. நாம் வாழ வந்த இந்த மகாராஷ்டிரத்தில் துக்காராமின் அபங்கங்களும் அப்படித்தான். கடைசி அடியில் அவர் வந்து நிற்பார். இவர்களெல்லாம் பாட்டைப் பெட்டியில் பூட்டி வைத்தவர்களா? வாய்க்கு வாய், ஊருக்கு ஊர் போகவிட்டவர்கள். போகிற பாட்டோடு பெயரையும் சேர்த்து அனுப்பினார்கள், அவ்வளவுதான். முத்திரை வைக்காத நம் பாட்டிமார்களின் தாலாட்டும் ஒப்பாரியும் இன்று 'நாட்டுப்புறப் பாடல்' என்ற ஒற்றைத் தலைப்பில் கிடக்கின்றன, எழுதியவரே இல்லாதது போல.

சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டின் வரிகள் ஒரு படைப்பு, மெட்டு வேறொரு படைப்பு. இரண்டையும் பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. ஒரு காலத்தில் மெட்டை ஸ்வரமாகவோ நொட்டேஷனாகவோ எழுதி வைத்தால்தான் அது இசைப் படைப்பாகக் கணக்கில் வரும். 1994 திருத்தத்தில் அந்த நிபந்தனை போய்விட்டது. படைத்தவர் ஆயுளுக்கும், அவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் உரிமை உண்டு. 'இதை இயற்றியவர் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையோ, பாட்டை விற்ற பிறகும் போகாது. ராகமும் கார்டு வரிசையும் மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. நண்பன் சேர்த்தது பிரித்துப் பார்க்க முடியாதபடி பாட்டோடு கலந்துவிட்டால் அவனும் கூட்டுப் படைப்பாளி ஆகலாம். அதனால்தான் அன்றைக்கே பேசிக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

இதற்கு வக்கீல் வேண்டாம். பாடுவதற்கு முன்னால் 'இது நான் எழுதியது, இன்னும் முடியவில்லை' என்று ஒரு வார்த்தை. கையில் இருக்கும் போனில் ஒரு ஒலிப்பதிவு. ராத்திரி வீட்டுக்குப் போனதும் அதைக் கூடியிருந்த எல்லோருக்கும் அனுப்பி, வரிகள் யார், மெட்டு யார், நடுவில் வரும் அந்தத் திருப்பம் யார் என்று இரண்டு வரி. தேதி தானாகவே விழுந்துவிடும். இதில் நம் பிள்ளைகளுக்கும் ஒரு கடமை உண்டு. மணிப்பூரிப் பெண் பாடிய மெட்டு மனசில் ஒட்டிக்கொண்டால் அவளைக் கேட்காமல் தொடக்கூடாது. ஒருவர் சொந்தப் பாட்டை முதல் தடவை பாடும்போது வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்பதுதான் மரியாதை. 'இங்கே இப்படி மாத்தலாமே' என்பதெல்லாம் இரண்டாவது தடவைக்கு.

"தமிழ்ப் பாட்டு அவர்களுக்கு என்ன புரியப் போகிறது?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டெல்லியின் 'இந்தியன் ஓஷன்' குழு 2000ஆம் ஆண்டு 'கண்டிசா' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. தலைப்புப் பாட்டு கேரளக் கிறிஸ்தவர்கள் பாடும் பழைய சிரியாக் துதி. கேட்டுக் கிறங்கிய வடநாட்டு இளைஞர்களில் சிரியாக் தெரிந்தவர் எத்தனை பேர்? நம் மோகனத்தைப் பாடினால் இந்துஸ்தானி கற்ற பெண் பூப் என்று உடனே பிடித்துக்கொள்வாள். தாளத்தில்தான் கொஞ்சம் ஜாக்கிரதை. 'ரூபகம்' என்று சொன்னால் தபலாக்காரர் ஏழு மாத்திரை வாசிக்க ஆரம்பித்துவிடுவார்!

அதைவிட முக்கியமான விஷயம், அந்த நண்பர்கள் அர்த்தம் கேட்பார்கள். வீட்டில் நாம் தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை, அங்கே ஒரு தமிழ்ச் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல உட்காருகிறது. தெரியாவிட்டால் ராத்திரி பத்து மணிக்கு அம்மாவிடம் வந்து கேட்கிறது. நாம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கெஞ்சிக் கூட்டிப்போய் நடக்காத காரியம் இது. கிடார் பரணில் ஏறியபோது அந்த வீட்டில் அந்தக் கேள்வியும் நின்று போயிருக்கிறது.

செயற்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். வருகிற சித்திரை விழாவில் சொந்தப் பாட்டுகளுக்கென்று இருபது நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் தங்கள் மராத்தி, வங்காளி நண்பர்களையும் மேடைக்கு அழைத்து வரட்டும். நிகழ்ச்சி நிரலில் பாடுபவர் பெயரை மட்டும் அச்சடிக்கும் வழக்கத்தை விட்டு, வரிகள், மெட்டு, சேர்ந்து வாசிப்பவர்கள் என்று தனித்தனியே பெயர் போடுங்கள். காகிதச் செலவு கூடுகிறது என்று பொருளாளர் முகம் சுளித்தால், விளம்பரப் பக்கத்தில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.