முட்டுச்சந்து யார் செயல்?

தெரு வந்து முட்டுகிற வீட்டுக்குத் ‘தெருக்குத்து’ என்று பெயர் வைத்து, சுவரில் ஒரு பிள்ளையாரைப் பதித்துவிட்டால் தோஷம் தீர்ந்தது என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. தோஷம் வீட்டுக்கா, தெருவுக்கா என்று நாம் கேட்கின்றோம். பட்டணம் பெருத்தால் தெரு கோணத்தான் செய்யும், அதற்கு யார் என்ன செய்வது என்று பேசும் படித்தவர்களும் அந்தப் பிள்ளையார் பக்தர்களுக்கு இளைத்தவர்கள் அல்லர். தெரு தானாக முளைப்பதில்லை. ஒருவன் கோடு போடுகிறான். ஒருவன் அனுமதி கொடுக்கிறான். ஒருவன் மனையாக்கி விற்கிறான்.

அமெரிக்காவின் சங்கதியைப் பாருங்கள். 1811-இல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவுக்குத் திட்டம் போட்டவர்கள், குறுக்கும் நெடுக்குமாய் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் தெருக்களை வகுத்தார்கள். 1929-இல் ராட்பர்ன் என்ற இடத்தில், மோட்டாருக்குப் பயந்து முட்டுச்சந்துகளாகவே குடியிருப்புக் கட்டினார்கள். ஆனாலும் நடப்பவர்களுக்குத் தனிப்பாதை போட்டார்கள். பின்வந்த மனை வியாபாரிகளோ முட்டுச்சந்தை எடுத்துக்கொண்டு பாதையை விட்டுவிட்டார்கள்! வீட்டுக் கடனுக்கு ஜாமீன் நிற்க 1934-இல் ஏற்பட்ட சர்க்கார் இலாகாவும் 1936-இல் முட்டுச்சந்துக்கே சிபாரிசு செய்தது. ஜாமீன்காரன் சொன்னால் கட்டுகிறவன் கேட்காமலிருப்பானா? பலன் என்ன? கொல்லை வேலிக்கு அப்பாலுள்ள வீட்டுக்குப் போக ஊரையே சுற்றவேண்டும். கார் இல்லாதவன் பாடு திண்டாட்டம்.

அதோடு நின்றதா? டெட்ராய்ட் நகரில் 1941-இல் ஒரு மனை வியாபாரி, கறுப்பர் குடியிருப்புக்கும் தான் வெள்ளையருக்குக் கட்டும் வீடுகளுக்கும் நடுவே ஆறடி உயரம், அரை மைல் நீளம் சுவர் எழுப்பினான். அதன் பிறகே அந்த ஜாமீன் கிடைத்தது. மதுரை ஜில்லா உத்தப்புரத்தில் ஜாதிக்காக நின்ற சுவரை 2008-இல் ஓரிடத்தில் இடித்து வழி திறந்ததை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

வீடு இடியும், தெருக்கோடு லேசில் அழியாது. 1666-இல் தீக்கிரையான லண்டன், புதுத் திட்டங்கள் கையிலிருந்தும், பெரும்பாலும் பழைய தெருக்களின் போக்கிலேயே மறுபடி எழுந்தது. நிலம் ஆளுக்கு ஆள் சொத்தாகிவிட்ட பின் கோட்டை நகர்த்துவது யார்? ஆகவே இன்றைய தப்புக்குப் பேரப்பிள்ளைகளின் கால் வலிக்கும்.

திருத்த முடியாதா? முடியும். அமெரிக்காவிலேயே தெருத் துண்டிப்பு 1994 வாக்கில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தணியத் தொடங்கியது என்று ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். பக்கத்துத் தெருவோடு சேராத புதுத் தெருவைப் பொதுப்பணத்தில் பராமரிக்க மாட்டோம் என்று வர்ஜீனியா மாகாணம் 2009-இல் விதி செய்தது. பின்னர் அதைத் தளர்த்தினார்கள் என்றாலும், பணத்தைப் பிடித்தால் கோடு நேராகும் என்பது தெரிந்துவிட்டது.

நம் ஊர்ப் புறங்களில் இன்று வயலுக்கு வயல் மனை போடுகிறார்கள். எல்லையில் தெருவை நிறுத்தி, கேட்டும் காவலாளியும் வைத்து, அதற்குக் கௌரவம் என்று பெயரும் சூட்டுகிறார்கள். மனை வாங்கும் தோழர்களே! வாசல் எந்தத் திசை என்று கேட்டது போதும். இந்தத் தெரு எங்கே போய்ச் சேருகிறது என்று கேளுங்கள். கோடு காகிதத்தில் இருக்கும்போதே கேளுங்கள். கல் நட்ட பிறகு பிள்ளையாராலும் ஆகப்போவது ஒன்றுமில்லை.