வீடு கட்டும் படிப்பு நம் பெண்களுக்கும் வேண்டும்!

பெண்ணை மேலே என்ன படிக்க வைக்கலாம் என்று பேச்சு வந்தால் டாக்டர், டீச்சர், நர்ஸ், கம்ப்யூட்டர் என்பதோடு நிறுத்திக் கொள்கிறோம். ஆர்க்கிடெக்ட் என்றாலே, 'அது பணக்காரங்களுக்கு பங்களா வரையற படிப்பாச்சே' என்று ஒதுக்கி விடுகிறோம். உண்மையில் அந்தப் படிப்பு அதிகம் தேவைப்படுவது நம் கள்ளக்குறிச்சி மாதிரி மாவட்டங்களுக்குத்தான்.

2024 நவம்பர் 30-ல் கரையைக் கடந்த பெஞ்சல் புயல் நம் மாவட்டத்தையும் விழுப்புரம், கடலூரையும் புரட்டிப் போட்டது. ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய், சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அந்த நேரத்துக்கு அது பெரிய உதவிதான். ஆனால், அதே இடத்தில் அதே மாதிரி குடிசை போட்டால் அடுத்த மழைக்கும் அதே கதிதானே? தரையை எவ்வளவு உயர்த்தணும், தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், மலைச் சரிவில் எங்கே கட்டக்கூடாது என்று சொல்ல, படித்தவர் ஒருவர் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டாமா?

2004 சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடி, சின்னங்குடி மீனவர்களுக்கு வீடு கட்டியபோது, பென்னி குரியகோஸ் என்ற ஆர்க்கிடெக்ட் அந்தக் குடும்பங்களையே கலந்து பேசி பிளான் போட்டார். பாகிஸ்தானின் முதல் பெண் ஆர்க்கிடெக்டான யாஸ்மீன் லாரி, 2005 நிலநடுக்கத்துக்குப் பின் மண், சுண்ணாம்பு, மூங்கிலால் ஏழைகள் தாங்களே கட்டிக்கொள்ளும் வீடுகளைக் கற்றுத் தந்தார். வெள்ளம் எட்டாத உயரத்தில், புகை குறைந்த மேடை அடுப்பையும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 2023-ல் பிரிட்டனின் ராயல் தங்கப்பதக்கம் அவரைத் தேடி வந்தது.

கல்வராயன் மலைக்கும் சமவெளிக்கும் ஒரே பிளான் சரிப்படுமா? மலையில் குளிருக்கு அடக்கமாக இருக்கணும். விறகு, தானியம், ஆடு எல்லாவற்றுக்கும் இடம் வேணும். இது அங்கேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவளே ஆர்க்கிடெக்ட் ஆகி வந்தால் எப்படி இருக்கும்!

பி.ஆர்க். ஐந்து வருடப் படிப்பு. 'நாட்டா' என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் ஒன்னில் கணக்கு எடுக்காவிட்டால் அந்தக் கதவு அப்போதே மூடிக்கொள்ளும். 'பொண்ணுக்கு எதுக்குக் கணக்கு?' என்று சொல்லும் முன் அம்மாக்களே, கொஞ்சம் யோசியுங்கள். மலைப் பள்ளி ஆசிரியைகளும் பத்தாம் வகுப்பிலேயே இதைப் பிள்ளைகள் காதில் போட்டு வைத்தால் புண்ணியமாகப் போகும்.

நாள் முழுக்க வீட்டுக்குள் வேலை செய்பவர்கள் நாம். அந்த வீட்டின் பிளானை வரையும் பென்சில் மட்டும் ஏன் நம் கைக்கு வரக்கூடாது?

- ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி.