சாவி ஆடினால் கருவியைக் கழிக்காதீர்கள்

மின்விசிறியைத் தூக்கிப்போடாமல் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் ‘ரிப்பேர் கோப்பிதியாம்’ நடக்கும் ஊர் சிங்கப்பூரின் தெம்பனிஸ். அங்கேயும், பள்ளி வாத்தியக் குழுவில் சேரும் பிள்ளைக்கு அண்ணனின் கிளாரினெட் ஆகாது, சாவி தேய்ந்துவிட்டதாம். வியர்வை பட்டு முலாம் போனால் அழகுதான் குறையும், நாதம் குறையாது. நாதத்தைக் கெடுப்பது, தண்டில் சாவி ஆடுவதும், சாவியின் அடியிலுள்ள மெத்தை (பேட்) துளையைச் சரியாக மூடாமல் காற்று கசிவதும்தான். ஆடும் சாவியில் தண்டைச் சுற்றியுள்ள குழலின் முனையை இடுக்கியால் நெருக்கினால் ஆட்டம் நிற்கும். உடைந்த சாவியை, நகை ஆசாரி செய்வதுபோல், வெள்ளிப் பற்றாசு வைத்து ஒட்டலாம். இன்னொரு கருவியின் சாவியை மாட்டுவதுதான் பெரும்பாடு. மாடலுக்கு மாடல் அளவு வேறு. மரத்தில் விரிசல் இல்லையா? புதிதுக்குப் பணம் எடுக்குமுன் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.